அரசுத் தபாலா, கைபேசி எச்சரிக்கையா?

காணாமல்போன குழந்தைகளின் படத்தை அரசு அலுவலகங்கள் தங்கள் கடிதங்களில் அச்சிட்டு அனுப்பலாம் என்று அமெரிக்காவில் 1985இல் சட்டம் வந்தது. வரி அலுவலகக் கடிதம் எப்படியும் வீட்டுக்கு வரத்தானே போகிறது, கூடவே ஒரு முகமும் வரட்டும் என்ற கணக்கு. ஆனால் உறையில் இடம் கொஞ்சம்தான். அனுப்புநர் முகவரி, பார்கோடு, இயந்திரம் படிக்கும் பகுதி எதையும் தொடக்கூடாது. குழந்தை கிடைத்த தகவல் வந்துவிட்டால், அச்சடித்து வைத்த உறைகளை மூன்று மாதத்துக்குள் புழக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். மூன்று மாதம்! தபாலின் வேகம் அவ்வளவுதான்.

குழந்தை கடத்தப்பட்டதும் ஊருக்கே உடனடியாக அறிவிக்கும் ஆம்பர் எச்சரிக்கை இதற்கு நேர் எதிர். 1996இல் டெக்சாஸில் ஒரு சிறுமி கடத்திக் கொல்லப்பட்ட பிறகு பிறந்த ஏற்பாடு. 2013 முதல் கைபேசியிலும் அலறுகிறது. கடத்தியவரின் கார் எண்ணும் நிறமும் தெரிந்தால், சாலையில் போகிறவர்கள் அப்போதே கவனிக்கலாம். கடத்தலின் முதல் சில மணி நேரத்துக்கு இதை விட்டால் வேறு வழியில்லை.

சரி, வீட்டைவிட்டு ஓடிப்போன பிள்ளைக்கு? கடத்தல் என்று போலீஸ் நம்பினால்தான் ஆம்பர் ஒலிக்கும். பல வருடமாகக் காணாத பிள்ளைக்கும் அது உதவாது. அங்கே தபால்தான் மேல்: இன்றைய வயதுக்கு ஏற்ப மாற்றி வரைந்த முகத்தை, மேசைமேல் கிடக்கும் உறையில் நிதானமாகப் பார்க்கலாம். கைபேசிச் செய்தியைப் பலரும் சத்தத்தை நிறுத்துவதற்காகவே தொடுகிறார்கள்.