இரண்டு நிமிடத் திரில்லர் தொடக்கம்: எந்த வழி கைகொடுக்கும்?

விஸ்காம் படிக்கும் தம்பி தங்கைகள் தாங்கள் எடுத்த திரில்லர் தொடக்கக் காட்சியை "பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்று எனக்கு அனுப்புவார்கள். பலவற்றில் முதலில் அலாரம் அடிக்கும், ஒருவர் எழுந்து பல் துலக்குவார், அப்புறம் ஹூடி போட்ட ஒருவன் சந்துக்குள் வருவான். உழைப்பு ஒவ்வொரு ஷாட்டிலும் தெரியும். எந்த கேமரா, எந்த லென்ஸ் என்று ஒரு வாரம் பேசியிருப்பார்கள். ஆனால் பார்ப்பவருக்கு எது எப்போது தெரிய வேண்டும் என்று உட்கார்ந்து முடிவு செய்திருக்க மாட்டார்கள். திரில்லருக்கு அடிப்படையே அந்த முடிவுதான். அதனால் மாணவர்கள் முன்னால் வந்து நிற்கும் வழிகளை எதிரெதிரே வைத்து, அந்த ஒரு கேள்வியால் மட்டும் அளந்து பார்க்கிறேன்.

இரண்டு நிமிடம் என்ற கணக்கு பிரிட்டனில் இருந்து வந்தது. அங்கே ஓ.சி.ஆர். தேர்வு வாரியத்தின் ஏ.எஸ். (பள்ளி மேல்நிலை) மீடியா பாடத்தில் பல ஆண்டுகள் இந்தப் பயிற்சி இருந்தது. புதிய கதைப்படம் ஒன்றின் டைட்டிலும் தொடக்கமும் எடுக்க வேண்டும், 2 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, படமும் ஒலியும் மாணவர்களே உருவாக்கியதாக இருக்க வேண்டும். காப்புரிமைச் சிக்கல் இல்லாத இசைக்கும் ஒலிகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. நம் ஊர் மாணவர்களுக்கும் நல்ல அளவு இது. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் மொத்தம் 3,000 ஃபிரேம்.

பேச வசதியாக ஒரு கதையை வைத்துக்கொள்வோம். இரவு பத்தரை மணி. வேலை முடிந்து ஒரு பெண் மூன்றாம் மாடி வீட்டுக்கு வருகிறாள். கிரில் கேட்டில் தொங்குவது காலையில் அவள் பூட்டிவிட்டுப் போன பூட்டு இல்லை.

பிணமா, பூட்டா?

முதல் வழி, நடந்து முடிந்ததில் தொடங்குவது. கதவைத் திறக்கிறாள், உள்ளே ஒரு பிணம். இரண்டாவது வழி, வரப்போவதைப் பார்ப்பவருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவது. மாலையில் யாரோ ஒருவரின் கை பூட்டை மாற்றுவதை நாம் பார்க்கிறோம். இரவில் அவள் ஒன்றும் தெரியாமல் படியேறி வருகிறாள்.

இரண்டுக்கும் பெரிய முன்னோடிகள் உண்டு. 1954-ல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்குகிறது. சுட்டது யார் என்பதைத்தான் ஒரு பாட்டுகூட இல்லாமல் படம் முழுக்கத் தேடுகிறார்கள். 1958-ல் ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்' படத்தில் காரின் டிக்கியில் வெடிகுண்டு வைக்கப்படுவதை முதலிலேயே காட்டிவிடுகிறார்கள். அதே ஷாட் வெட்டே இல்லாமல் மூன்று நிமிடத்துக்கு மேல் நீள்கிறது, அந்தக் கார் கூட்டத்துக்குள் மெதுவாகப் போகிறது. திரில்லர் இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன கணக்கும் இதேதான். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் வெடித்தால் பார்ப்பவருக்கு 15 நொடி அதிர்ச்சி. முன்பே தெரிந்திருந்தால் 15 நிமிடப் பதற்றம்.

மாணவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. பிணமாகப் படுத்திருக்கும் நண்பனின் வயிறு மூச்சுக்கு ஏறி இறங்குவது குளோசப்பில் தெரிந்துவிடும். ரத்தம் என்று கலக்கியது விளக்கு வெளிச்சத்தில் ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். இதையெல்லாம் சமாளித்தாலும், 'யார் செய்தது' என்ற கேள்விக்குப் பதில் தர மீதிப் படம் உங்களிடம் இல்லை. பூட்டுக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது.

ஆனால் பூட்டு மாறியிருப்பது பார்ப்பவருக்குப் புரிய வேண்டுமே? ஒரு மாணவி செய்ததைச் சொல்கிறேன். பழைய பூட்டில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டும் அதன் மேல் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருக்கும். காலையில் அவள் பூட்டும்போது நான்கு நொடி அதன் குளோசப். இரவில் அதே ஃபிரேம், அதே கிரில், பளபளவென்று பொட்டு இல்லாத பூட்டு. ஒரு வசனம் இல்லை. பூட்டை மாற்றும் கையைக் காட்டும் ஷாட்டைக்கூட அவள் கடைசியில் வெட்டிவிட்டாள். பொட்டு இல்லாததைப் பார்ப்பவர் தானாகவே கண்டுபிடிக்கும்போது பயம் இன்னும் கூடுகிறது என்பது அவள் கணிப்பு. எடிட்டில் பார்த்தபோது எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

ஸ்டோரிபோர்டா, போன் போட்டோவா?

ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே படமாக வரைந்து வைப்பதுதான் ஸ்டோரிபோர்டு. நன்றாக வரையத் தெரிந்தவர் குழுவில் இருந்தால் வரையுங்கள். மற்றவர்கள் படப்பிடிப்பு நடக்கப்போகும் இடத்துக்கே போய், நடிக்கப்போகிறவரை நிற்கவைத்து, ஒவ்வொரு ஷாட்டையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்வது மேல். காகிதத்தில் அறை எவ்வளவு பெரிதாகவும் இருக்கும். நேரில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் பின்னால் நகர இடம் இருக்காது. எடுத்த போட்டோக்களை எடிட்டிங்கில் வரிசையாகப் போட்டு, வாயாலேயே சத்தம் கொடுத்து இரண்டு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். படியேறுவதற்கே ஐம்பது நொடி போவது அப்போதுதான் தெரியும்.

இரவை எங்கே எடுப்பது?

நேரம் அதிகமாக வீணாவது இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உண்மையான இரவில் எடுத்தால் நம்பகத்தன்மை தானாக வரும். தெருவிளக்கு, எதிர்வீட்டு ஜன்னல், ஈரத் தரையில் வெளிச்சம் எல்லாம் இலவசம். விலையும் உண்டு. பத்து மணிக்கு மேல் நடிக்கும் பெண்ணைப் பத்திரமாக வீட்டில் சேர்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு மேல் எல்லோருக்கும் கண் சொருகும், அந்த நேரத்தில் எடுத்த ஷாட்டுகளில்தான் தவறு நிறைய இருக்கும்.

பகலில் எடுத்து இரவாக மாற்றுவது பழைய சினிமா உத்தி. எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் வெளிச்சத்தை) இரண்டு ஸ்டாப், அதாவது கால்பங்கு அளவுக்குக் குறைத்து, நிறத்தைச் சமன்செய்யும் வொயிட் பேலன்ஸை 3,200 கெல்வினில் வைத்து நீலம் ஏற்றி, சூரியன் நடிப்பவருக்குப் பின்னால் வருமாறு நிற்கவைத்து, வானம் ஃபிரேமுக்குள் வராமல் பார்த்துக்கொள்வார்கள். வயல்வெளிக்கும் காட்டுக்கும் இது சரிப்படும். நம் நகரத் தெருவுக்கு ஒத்துவராது. விளக்கு ஒன்றுகூட எரியாத தெருவைப் பார்த்தால் கரண்ட் போயிருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றும்.

மூன்றாவது, அந்தி. வானம் நீலமாக இருக்கும், விளக்குகளும் எரியத் தொடங்கியிருக்கும். படத்தில் பார்க்க மிக அழகான இரவு இதுதான். ஆனால் நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். சூரியன் மறைந்த பிறகு அந்த வெளிச்சம் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் நிற்கும். ஐரோப்பியர்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு முக்கால் மணி நேரம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஐந்து மணிக்கே ஒத்திகை முடித்துத் தயாராக நின்றாலும் மூன்று, நான்கு ஷாட் எடுக்கலாம், அவ்வளவுதான்.

நான்காவது வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மாடிப்படி ஜன்னல்களைக் கறுப்புத் துணியாலும் போர்வையாலும் அடைத்துவிட்டு, படித் திருப்பத்தில் ஒரே ஒரு 9 வாட் மஞ்சள் பல்பு போட்டு எடுப்பது. யாரும் தூங்காமல் இருக்க வேண்டியதில்லை, பத்து டேக் போனாலும் வெளிச்சம் மாறாது. பல்பு நடிப்பவருக்குப் பின்னால் இருக்கட்டும். முகத்துக்கு நேரே வைத்தால் எல்லாம் தெரிந்துவிடும். பின்னால் வைத்தால் தோளும் தலைமுடி ஓரமும் மட்டும் தெரியும், முகம் என்ன சொல்கிறது என்று பார்ப்பவர் தேடுவார். எது தெரிய வேண்டும் என்பது இங்கே முழுக்க உங்கள் கையில். நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான், கட்டடம் எங்கே இருக்கிறது என்று காட்ட அந்தியில் எடுத்த ஒரே ஒரு ஷாட்டையும் சேர்த்து.

ரயில் நிலையம், தண்டவாளம் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரயில்வே இடங்களில் அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது, தண்டவாளம் உயிருக்கும் ஆபத்து. பொது இடத்தில் பொம்மைத் துப்பாக்கியோடு திரிவதும் வேண்டாம். பார்க்கிறவருக்கு அது பொம்மை என்று தெரியாது.

போனா, வாடகை கேமராவா?

கேமராவின் பக்கம் நியாயம் இருக்கிறது. சென்சார் பெரிது, இருட்டில் புள்ளி புள்ளியாக இரைச்சல் குறைவு. 50 எம்.எம்., எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால், கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ் 55 எம்.எம்.மில் எஃப் 5.6-ல் வாங்கும் வெளிச்சத்தைப் போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு உள்ளே வரும். பூட்டின் குளோசப்புக்கு இதை விட நல்ல லென்ஸ் தேவையில்லை. ஆனால் கல்லூரிகளில் கிடைக்கும் ஏ.பி.எஸ்-சி சென்சார் கேனான் கேமராவில் அது 80 எம்.எம். போலக் குறுகலாகப் பார்க்கும், மாடிப்படியில் ஆள் முழுதாக ஃபிரேமுக்குள் வராது. எஃப் 1.8-ல் நடந்து வருகிறவரின் மேல் ஃபோகஸைப் பிடித்துக்கொண்டே போக, பழகிய கை வேண்டும்.

போன் கேவலமான கருவி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்யும் ஆட்டோ மோடில் விடுவதுதான் கெடுதல். என் கடைசி ஆண்டுப் படத்தில் இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மொட்டை மாடியில் டார்ச் வெளிச்சம் ஃபிரேமுக்குள் வந்ததும் போன் தானாக எக்ஸ்போஷரை இறக்கியது, டார்ச் விலகியதும் ஏற்றியது. ஒளிந்திருந்தவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பளிச்சென்று தெரிந்தான். காட்சியே அங்கு முடிந்துபோனது, மறுபடி எடுக்க நாளும் இல்லை.

இன்னொன்று, டியூப் லைட். போன்கள் வழக்கமாக நொடிக்கு 30 ஃபிரேம் வைத்திருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்பும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டர் (ஒரு ஃபிரேம் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/60 நொடியில் இருந்தால் சுவரில் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று பூட்டினால் அடங்கிவிடும். இப்படிப் பூட்ட பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. ஐபோனுக்கு 2023-லும் ஆண்ட்ராய்டுக்கு 2024-லும் வந்தது, ஆனால் எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் ஓடாது.

என் முடிவு இது. கல்லூரிக் கேமரா கையில் இருந்து, ஃபோகஸ் பிடிக்க ஒருவரும் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைக்குக் காசு திரட்ட வேண்டும் என்றால் போன் போதும், அந்தக் காசை மைக்குக்கும் டிரைபாடுக்கும் கொடுங்கள். இரண்டையும் கலந்து எடுத்தால் நிறம் சேர்க்கவே இரண்டு நாள் போகும்.

ஒலி

ஸ்பாட்டிலேயே பதிவு செய்வதா, டப்பிங்கா என்று கேட்பார்கள். தமிழ் சினிமாவில் டப்பிங் பழக்கம் ஊறியது என்பதால் 'அப்புறம் பேசிக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுவதும் உண்டு. ஆனால் மாணவர் அறையில் பேசிய டப்பிங் வசனம் அறைக்குள் பேசியதாகவே கேட்கும், படிக்கட்டின் எதிரொலி அதில் வராது. ஸ்பாட் ஒலியில் அந்த எதிரொலி இருக்கும், கூடவே எதிர்த்தெரு ஹாரனும் இருக்கும்.

மூன்றாவது வழியைச் சொல்ல ஆசைப்படுகிறேன். வசனமே வேண்டாம். இரண்டு நிமிடத்துக்கு வேண்டிய சத்தங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பதிவு செய்யுங்கள். எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு மதியம் முழுக்க இதைத்தான் செய்தோம். ஃபேனை நிறுத்தினோம், ஃபிரிட்ஜையும் அணைத்தோம். மறுபடி போட மறந்துவிடாமல் இருக்க பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும், ஒலிப்பதிவாளர்கள் செய்கிற பழைய உபாயம் இது. போனை ஒரு சாண் தூரத்தில் மடித்த துண்டின் மேல் வைத்தோம். பூட்டுக்குள் சாவி நுழையும் சத்தம் தனியாக, நுழையாமல் உரசும் சத்தம் தனியாக. விரல் நெரிக்கும் சத்தத்துக்கு வெண்டைக்காய் நுனியை ஒடித்தோம், மைக்குக்குப் பக்கத்தில் அது கேட்கவே கூசியது. ரப்பர் செருப்பு ஈரப் படியில் ஒட்டிப் பிரியும் சத்தத்தை மட்டும் நிஜப் படியிலேயே எடுத்தோம். கடைசியில் யாரும் அசையாமல் முப்பது நொடி அந்தப் படிக்கட்டின் அமைதியையும் பதிவு செய்துகொண்டோம். எல்லாச் சத்தத்துக்கும் அடியில் அது ஓடினால்தான் வெட்டுகள் காதில் இடிக்காது.

படியேறும் அவள் செருப்புச் சத்தத்தோடு இன்னொரு செருப்பும் மெலிதாகச் சேர்ந்தால் போதும். ஆளைக் காட்டாமலே ஆள் இருப்பது தெரிந்துவிடும். கேமராவால் இதைச் செய்ய எத்தனை ஷாட் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இசை வேண்டும் என்றால் யூடியூப் ஆடியோ லைப்ரரி போன்ற இலவசத் தொகுப்புகள் இருக்கின்றன. பிரபல படத்தின் பின்னணி இசையை ஒட்டினால் காப்புரிமைக் கோரிக்கை வரும். பெரும்பாலோர் முதல் நொடியிலேயே இசையைத் தொடங்கிவிடுகிறார்கள். பொட்டில்லாத பூட்டு தெரிந்த பிறகு தொடங்கிப் பாருங்கள்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு தாராளம். ஆனால் படத்தில் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலை நீக்கும் வசதி, காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான் உண்டு. எனவே 'இருட்டைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்' என்று எடுக்க வேண்டாம். டைட்டில் எழுத்துகளைக் கருப்பு அட்டையில் போடாமல் படியேறும் ஷாட்டுகளின் மேலேயே போடுங்கள், பன்னிரண்டு நொடியாவது மிச்சமாகும்.

கதவு திறக்க வேண்டுமா?

கடைசி ஃபிரேமுக்கும் இரண்டு வழி. கதவைத் திறந்து உள்ளே ஏதோ ஒன்றைக் காட்டலாம். ஆனால் காட்டுவது எதுவாக இருந்தாலும், இரண்டு நிமிடமாகப் பார்ப்பவர் மனதில் வளர்ந்ததை விடச் சிறியதாகவே இருக்கும். திறக்காமல் விடுவதுதான் எனக்குப் பிடித்தது. சாவி இரண்டு முறை இரும்பில் உரசுகிறது. கீழே இருந்து வந்த செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. அவள் தலை திரும்பத் தொடங்குகிறது, முகம் தெரிவதற்கு ஒரு ஃபிரேம் முன்னால் படம் கருப்பாகிறது, படத்தின் பெயர் வருகிறது.