80 மி.மீ. ஸ்பாட்டிங் ஸ்கோப்: பைரி பார்க்க இது போதும்

ஸ்பாட்டிங் ஸ்கோப் என்றால் தூரத்தில் இருப்பதைப் பார்க்க டிரைபாடில் வைக்கிற ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கி. என்னுடையது இருபது மடங்கு முதல் அறுபது மடங்கு வரை ஜூம், 80 மில்லிமீட்டர் முன்கண்ணாடி, கண் வைக்கும் பக்கம் 45 டிகிரி சாய்வு, எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. விலை இருபதாயிரத்தைத் தொடவில்லை. கம்பெனிப் பெயரை எழுதப் போவதில்லை. இந்த விலையில் எதை எடுத்தாலும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

எதற்கு வாங்கினேன் என்று சொன்னால்தான் மற்றது புரியும். எனக்கு நாகர்கோவில். வீட்டில் தாத்தா காலத்திலிருந்து பந்தயப் புறா. புறா வளர்க்கும் வீட்டில் பைரி (புறாவை அடிக்கிற வேட்டைப் பறவை) என்று வாயெடுத்தாலே வசவுதான் வரும். காலையில் பறக்கவிட்ட புறா சாயங்காலம் இறங்கவில்லை என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். எனக்கோ சின்ன வயதிலிருந்தே புறாவைவிட அதை அடிக்க வருகிற பறவையின் மேல்தான் கண். நம் பக்கத்து மலைகளிலேயே தங்கிக் குஞ்சு பொரிக்கிற பைரியைப் புத்தகங்களில் ஷாகின் என்று எழுதுவார்கள். தலை கருப்பு, வயிறு செங்கல் நிறம். குளிர்காலத்தில் வடக்கே துந்திரப் பகுதியிலிருந்து மணக்குடிக் காயல், தேரூர்க் குளம் பக்கம் வருகிற பெரிக்ரின் அதே இனத்தில் வேறு ரகம். அது உருவத்தில் பெரியது, நெஞ்சு வெளுப்பு.

நான் பார்ப்பது கேரள எல்லையை ஒட்டிய மலையடிவாரத்தில் ஒரு பாறைச் சுவர். எந்தப் பாறை என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். குஞ்சு எடுத்து விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணைப் பறவை இது, கூட்டில் கை வைத்தால் ஜெயில். காட்டுக்குள் போகவும் அனுமதி வேண்டும். அதனால் காட்டு எல்லைக்கு வெளியே, தெரிந்தவர் ஒருவரின் வாழைத்தோட்டத்து வரப்பில்தான் என் இடம். அங்கிருந்து பாறை ஏறக்குறைய 350 மீட்டர்.

இந்தத் தூரம்தான் கணக்கு. எட்டு மடங்கு பைனாகுலரில் பார்த்தால் பறவை 44 மீட்டர் தள்ளி இருப்பதாகத் தெரியும். கருப்பாக ஏதோ உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்கோப்பில் இருபது மடங்கு வைத்தால் பதினேழரை மீட்டர், நாற்பது வைத்தால் ஒன்பது மீட்டர். ஒன்பது மீட்டரில் ஒரு பைரி என்றால் காலின் மஞ்சளும் கண்ணைச் சுற்றிய வளையமும் தெரியும். பக்கத்தில் போகவே வேண்டாம். போனால் தாய் கத்திக்கொண்டு எழுந்து போகும், முட்டையோ குஞ்சோ வெயிலில் கிடக்கும். படம் எடுக்கிறேன் என்று பாறைக்கடியில் போய் நிற்கிறவர்களுக்கு இந்த ஸ்கோப் விலை ஒன்றும் பெரிசில்லை. அவர்கள் கையில் இருக்கிற லென்ஸின் விலை எனக்குத் தெரியும்.

45 டிகிரி சாய்வை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேர்க்குழாய் மாடல் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தது, கடைக்காரர் அதைத் தள்ளிவிடத்தான் பார்த்தார். உயரத்தில் இருக்கிற பாறை விளிம்பை நேர்க்குழாயில் மணிக்கணக்காகப் பார்த்தால் கழுத்து போய்விடும். சாய்வு மாடலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கீழே குனிந்தபடி மேலே பார்க்கலாம். உங்களைவிடக் குள்ளமான ஆளும் உயரமான ஆளும் டிரைபாடைத் தொடாமலே மாறி மாறிப் பார்க்கலாம்.

டிரைபாட் என்றதும் ஞாபகம் வருகிறது. பெட்டியோடு ஒரு குட்டி டிரைபாட் தருகிறார்கள். அதைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுங்கள். கனமான கால்களும், ஸ்கோப்பை உதறலில்லாமல் மெதுவாகத் திருப்ப விடுகிற ஃப்ளூயிட் ஹெட்டும் தனியாக வாங்கியே ஆகவேண்டும், இன்னும் ஆறாயிரம் ஏழாயிரம் ஆகும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். ஆடியில் எந்த டிரைபாடும் நிற்காது. நல்ல வேளை, பைரிக்குத் தையிலிருந்து பங்குனி வரைதான் குடும்ப வேலை. அப்போதும் காற்று அடித்தால் நாற்பது மடங்கில் படம் நடுங்கும். நடுக்கம்பியில் தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டால் அடங்கிவிடும்.

சரி, அறுபது மடங்கு? விளம்பரத்துக்கு. கண்ணுக்கு வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம், முன்கண்ணாடியை மடங்கால் வகுத்தால் வருவது. இருபதில் 4 மில்லிமீட்டர், அறுபதில் 1.3. படம் மங்கிவிடும், ஓரம் கரைந்துவிடும். அதோடு வெயில் ஏறினால் சூட்டுக்காற்றில் பாறையே நெளியும். அப்போது மடங்கைக் கூட்டினால் நெளிசலும் சேர்ந்து கூடும். நான் பார்க்கும் சுவர் மேற்கு பார்த்தது, அதனால் பத்து மணி வரை நிழலில் இருக்கும். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரைதான் நல்ல நேரம். முப்பதைத் தாண்டுவது அபூர்வம், நாற்பதைத் தாண்டியதே இல்லை என்று சொல்லலாம்.

மாலையில் இந்த 80 மில்லிமீட்டர் முன்கண்ணாடி கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது. ஆண் பைரி மசங்கல் நேரத்தில் வௌவாலோ கிளியோ அடித்துக்கொண்டு வரும். விளிம்புக்கு வராது. தூரத்திலிருந்தே கூப்பிடும், பெண் எழுந்து போய் அந்தரத்திலேயே வாங்கிக்கொள்ளும். பெண்தான் பெரிசு, ஆணைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உருவம். வாங்கி வந்த இரையைக் காலால் மிதித்து, நூல் நூலாகப் பிய்த்து, தலையைச் சாய்த்து ஒவ்வொரு வாய்க்கும் நீட்டும். என் பைனாகுலர் கைவிட்டுவிடும் அந்த வெளிச்சத்திலும் ஸ்கோப்பில் இருபது மடங்கில் இது தெரிந்தது.

கூடு என்று சொல்கிறோமே தவிர, பைரி ஒரு குச்சிகூட வைக்காது. பாறைத் திண்ணையில் மண்ணைக் கீறி ஒரு குழி, அதில் மூன்று நான்கு முட்டை. கீழேயிருந்து முட்டை தெரியாது, அதற்காக யாரும் ஏறவும் கூடாது. அடைகாப்பது ஒரு மாதத்துக்கு ஒட்டி. பெண் உட்காரும் விதம் மாறி, இரையைப் பிய்த்துக் கீழே நீட்டத் தொடங்கினால் பொரித்தாயிற்று என்று நோட்டில் எழுதுவேன். அப்புறம் வெள்ளைப் பஞ்சாகத் தலைகள் எட்டிப் பார்க்கும். நான்காவது வாரம் பஞ்சுக்குள்ளிருந்து பழுப்பு இறகு முட்டிக்கொண்டு வரும். கடைசியில் உச்சந்தலையில் மட்டும் கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கும்போது, ஆறு வாரம் வாக்கில், விளிம்பிலிருந்து கிளம்பிவிடும்.

குறைகளைச் சொல்கிறேன். பட்டுப்போன மரக்கிளையில் ஆண் உட்கார்ந்து, பின்னால் வெளுத்த வானம் இருந்தால், கருப்புத் தலையைச் சுற்றி ஊதாக் கோடு ஒன்று ஓடும். இ.டி. கண்ணாடி (நிறம் பிரிவதைக் குறைக்கிற கண்ணாடி) போட்ட மாடலில் இது நன்றாகக் குறையும், ஆனால் விலை எகிறிவிடும். ஃபோகஸ் திருகு ஒன்றுதான், சின்ன அசைவுக்கே படம் தாண்டி ஓடிவிடுகிறது. என்னைப் போலக் கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் விளிம்பை மடக்கினாலும், மடங்கு கூடக் கூட வட்டம் முழுதாகத் தெரியாது. எனக்கு முதலில் வந்த பீஸில் உள்ளே தூசி இருந்தது. ஆன்லைனில் விற்றவரிடம் ரொம்ப நாள் மல்லுக்கட்டித்தான் மாற்றினேன். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். உள்ளே ஈரம் படியாமல் இருக்க நைட்ரஜன் அடைத்தது என்று போட்டிருந்தாலும் நம்மூரில் இரண்டு மழைக்காலம், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்டு இறுக்கி மூடுகிற டப்பாவில் வையுங்கள்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விலையைக் கேட்டதும், "எலேய், நம்ம புறாவத் திங்குத சனியனப் பாக்கதுக்கா இம்புட்டு ரூவா?" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். குஞ்சுகள் விளிம்பில் வந்து நிற்கிற பருவம். திண்ணை ஓரத்தில் சிவப்பாக ஒரு புறாக்கால், அதில் பச்சை வளையம். முப்பத்தைந்து மடங்கில் வைத்துக் கொடுத்தேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை.

"நம்ம வளையம் இல்லடே. நம்மது நீலம்லா," என்றார். அப்புறம், "இது மேலத்தெருக்காரன் புறால்லா!" என்று சிரித்தார். தோட்டக்காரர் கொடுத்த கட்டஞ்சாயா ஆறிப்போனது. எந்தக் குஞ்சு முதலில் தின்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பந்தயத்தன்று ஸ்கோப்பைத் தரச் சொன்னார், கொடுத்தேன். அதற்கு இது லாயக்கில்லை. இருபது மடங்கிலேயே ஆயிரம் மீட்டர் தூரத்தில் 35 மீட்டர் அகலம்தான் தெரியும். வானத்தில் சுற்றுகிற புறாவை அந்த வட்டத்துக்குள் பிடிப்பதற்குள் அது தெருவைத் தாண்டிவிடும். பைரிக் குஞ்சுகள் பறக்கத் தொடங்கிய பிறகும் இதே கதைதான். அவை பாறையைச் சுற்றி ஒன்றை ஒன்று துரத்தும், பெற்றோர் மேலேயிருந்து போடுகிற இரையைத் தவறவிட்டுத் தவறவிட்டுப் பிடிக்கும். இதையெல்லாம் பார்க்க 8-க்கு 42 (எட்டு மடங்கு, 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி) பைனாகுலர்தான் சரி. சித்தப்பா இப்போது அதைத்தான் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். புறாவுக்காம்.