எஸ்எஸ்டி, ராம், பேட்டரி மாற்றக் கொடுக்கிறீர்களா? திரையில் தெரியும் எண்ணை நம்பி பில் கட்டாதீர்கள்

நான்காம் தலைமுறை கோர் ஐ5 லேப்டாப். 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க் (சுழலும் தட்டு கொண்ட பழைய வகை சேமிப்பகம்). ஆன் செய்தால் டெஸ்க்டாப் வரவே பல நிமிடம். ஒரு சர்வீஸ் கடையில் 1 டிபி எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் வேகமான டிரைவ்) போட்டு, ராமை 8 ஜிபி ஆக்கி, பேட்டரியையும் மாற்றித் தந்தார்கள். விண்டோஸ் சட்டென்று திறந்தது, சி டிரைவில் 931 ஜிபி காட்டியது, உரிமையாளரும் பணத்தைக் கட்டிவிட்டார். சில வாரங்களில் கோளாறு தொடங்கியது. ஃபோல்டரில் புகைப்படங்களின் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். திறந்தால் பாதிக்கு மேல் வெறும் சாம்பல் நிறம். கடைசியில் விண்டோஸே எழவில்லை. நாங்கள் பிரித்துச் சோதித்ததில் மூன்று பாகத்திலுமே கைவரிசை காட்டியிருந்தது தெரிந்தது.

931 என்ற எண்ணில் தவறில்லை. அசல் 1 டிபி டிரைவையும் விண்டோஸ் அப்படித்தான் காட்டும். ஆனால் கொள்ளளவு, ஹெல்த் சதவீதம், ஓடிய மணிநேரம், பேட்டரியின் டிசைன் கெப்பாசிட்டி (புதிதாக இருந்தபோதைய கொள்ளளவு) எல்லாமே அந்தப் பாகம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்பவை. ஃபர்ம்வேரில், அதாவது பாகத்துக்குள்ளேயே இருக்கும் மென்பொருளில், எழுதி வைத்ததைத்தான் விண்டோஸ் அப்படியே எடுத்துக் காட்டுகிறது. இந்த எஸ்எஸ்டியில் இருந்த நிஜ நினைவகம் 64 ஜிபி. அதைத் தாண்டி எழுதும்போது தரவு காற்றில் போகும், அல்லது சுற்றி வந்து முன்பு எழுதியதன் மேலேயே விழும். ஃபைல் பெயர்களின் பட்டியல் பெரும்பாலும் டிரைவின் முன்பகுதியில் இருப்பதால் பெயர்கள் மிஞ்சும், உள்ளடக்கம் மிஞ்சாது. ஃபைலைத் திறந்து பார்க்கும்வரை எந்த எச்சரிக்கையும் வராது. டிரைவின் ஹெல்த்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் கடைசிவரை 100 சதவீதம் என்றே காட்டியது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, முழுக்க எழுதி முழுக்கப் படித்துப் பார்ப்பது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3, இரண்டும் இலவசம். சி டிரைவாக ஓடிக்கொண்டிருந்தாலும் சோதிக்கலாம், ஆனால் போலியாக இருந்தால் அதில் உள்ளது அழியலாம் என்பதால் முக்கியமானதை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். ஒரு காலி ஃபோல்டரைக் காட்டி, மீதியுள்ள இடம் முழுவதையும் எழுதச் சொல்லுங்கள். 1 ஜிபி அளவில் ஃபைல்களாக நிரப்பி, பிறகு ஒவ்வொன்றாகப் படித்து ஒப்பிடும். முடிந்ததும் அந்த ஃபைல்களை அழித்துவிடலாம். 1 டிபிக்கு நல்ல டிரைவிலேயே ஒன்றரை மணிநேரம் ஆகலாம். "அவ்வளவு நேரம் ஆகும் சார், ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டுகிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 1 ஜிபி ஸ்பீடு டெஸ்ட் போலி டிரைவிலும் அழகாகவே பாஸாகும்.

நல்ல டிரைவை வீணாகச் சந்தேகிக்கவும் வேண்டாம். விலை குறைந்த அசல் எஸ்எஸ்டிகள் பாதி வழியில் வேகம் சரிந்து நொடிக்கு 100 எம்பிக்குக் கீழேகூடப் போகும். எஸ்எல்சி கேஷ், அதாவது வேகமாக எழுத ஒதுக்கிய தற்காலிக இடம், நிரம்பியதுதான் காரணம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் டிரான்ஸ்ஃபர் மோடு (டிரைவ் இணைந்திருக்கும் வேக நிலை) சாட்டா/300 என்று இருந்தால் அது பெரும்பாலும் பழைய லேப்டாப் போர்ட்டின் எல்லை. வேகம் நொடிக்கு 270 எம்பி சுற்றி நின்றுவிடும். உறையைத் திறந்தால் கால்வாசி நீளத்துக்குத்தான் போர்டு இருக்கிறது என்று பதறுகிறவர்கள் உண்டு. அசல் டிரைவுகளிலும் இன்று அப்படித்தான். பார்க்க வேண்டியது சிப்பின் மேல் முகம். நாங்கள் திறந்ததில் கன்ட்ரோலரின் (டிரைவை இயக்கும் சிப்பின்) எழுத்துகள் உரசி எடுக்கப்பட்டு, சாய்த்துப் பார்த்தால் கோடு கோடாகத் தெரிந்தது. இருந்ததோ ஒரே ஒரு நினைவகச் சிப். ஆனால் வாரண்டி ஸ்டிக்கர் கிழியும் என்பதால், சோதனையில் தோற்ற பிறகு மட்டும் திறங்கள்.

ராமில் நடந்தது வேறு வகை. உரிமையாளர் கேட்டது மொத்தம் 8 ஜிபி. ஏற்கெனவே இருந்த 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபி சேர்த்திருந்தால் போதும். இரண்டு ஸ்லாட்டும் நிறைந்து டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதையில் ஒரே நேரத்தில், ஓடும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் அதன் பலன் நன்றாகவே தெரியும். கடைக்காரர் பழைய 4 ஜிபியை எடுத்துக்கொண்டு, 8 ஜிபி ஒற்றைக் குச்சியைப் போட்டு, புதிது என்று பில் எழுதியிருக்கிறார். கடை ஸ்டிக்கரை ஓரமாக உரித்தால் அடியில் அசல் லேபிள், பல வருடப் பழசு. திறக்காமலே பார்க்கலாம்: சிபியு-இசட் என்ற மென்பொருளில் எஸ்பிடி (ராம் குச்சியில் பதிந்த தகவல்) தாவலில் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் இருப்பது, தயாரித்த வாரமும் வருடமும், சீரியல் எண் வரும். அதுவும் எழுதி வைத்த தகவல்தான் என்பதால், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஒரு இரவு ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் அந்தக் குச்சி வேண்டாம்.

வாங்கும்போது: நான்காம் தலைமுறையின் பெரும்பாலான லேப்டாப்களுக்கு டிடிஆர்3எல் வகை ராம் தேவை, அதாவது 1.35 வோல்ட். 1.5 வோல்ட் மட்டுமே உள்ள டிடிஆர்3 குச்சியிலும் அதே 204 பின்தான். ஸ்லாட்டில் உட்காரும், திரை வராது. அப்போது "மதர்போர்டு போச்சு" என்று ஒரு பில் வரும், ஜாக்கிரதை. அந்தத் தலைமுறை வரை ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபிதான் உச்சம்.

பேட்டரிக்கு முதலில் கணக்குப் போடுங்கள். லேபிளில் 14.8 வோல்ட் என்றால் நான்கு செல்கள் தொடராக இருக்கின்றன என்று பொருள். அதில் 2600 எம்ஏஎச் என்று இருந்தால் சுமார் 38 வாட்-அவர், நம்பலாம். அதே நாலு செல் பேக்கில் 5200 என்று அச்சிட்டிருந்தால் பொய், இத்தகைய பேக்குகளில் இருக்கும் 18650 என்ற உருளை வடிவச் செல் ஒன்றில் அவ்வளவு அடங்காது. 11.1 வோல்ட் ஆறு செல் பேக்கில் 5200 வரும். அங்கே இரண்டிரண்டாக இணைத்திருப்பார்கள். தராசும் உதவும். அந்தச் செல் ஒன்று ஏறக்குறைய 45 கிராம். நாலு செல் பேக் கூட்டோடு சேர்ந்தும் 180 கிராமைத் தொடவில்லை என்றால் உள்ளே இருப்பது அந்தச் செல்கள் இல்லை.

விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டைப் பார்க்கலாம், ஆனால் டிசைன் கெப்பாசிட்டியும் சைக்கிள் கவுன்ட்டும் (எத்தனை முறை சார்ஜ் ஆனது என்ற கணக்கு) பேட்டரியின் சிப்பில் எழுதி வைக்கக்கூடியவை. முழு சார்ஜ் ஏற்றி, திரை வெளிச்சத்தை மாற்றாமல், டிரைவில் உள்ள வீடியோவை ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் டிஸ்சார்ஜ் வாட்டை (பேட்டரியிலிருந்து செலவாகும் மின்சாரத்தை) குறியுங்கள். சராசரி 10 வாட், 3 மணிநேரம் ஓடியது என்றால் 30 வாட்-அவர் இருக்கிறது. இந்த லேப்டாப் ஒரு மணிநேரம்கூட நிற்கவில்லை. 40 சதவீதத்திலிருந்து ஒரே தாவலாக 5-க்கு விழுந்து அணைந்தது. ஒரு செல் மற்றவற்றைவிடப் பலவீனமாக இருந்தால் இப்படித்தான் ஆகும்.

கடையில் கொடுக்கும் முன் அடிமூடியைத் திறந்து, டிஸ்க், ராம், பேட்டரி லேபிள்களைச் சீரியல் எண் தெரியப் படம் எடுங்கள். பில்லில் "எஸ்எஸ்டி 1 டிபி" என்று மட்டும் எழுத விடாதீர்கள். பிராண்ட், மாடல், சீரியல் எண் மூன்றும் வேண்டும். சீரியலைத் தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, முழு எழுத்துச் சோதனையும் முடிந்த பிறகு பணம் கொடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் அந்த டிரைவில் இனி எதையும் எழுதாதீர்கள். விண்டோஸ் கேட்டாலும் செக் டிஸ்க் (டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கருவி) ஓடவிடாதீர்கள், மிச்சம் இருப்பதையும் அது குலைத்துவிடும். டிரைவைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, லினக்ஸில் ரீட்-ஒன்லியாக (எதுவும் எழுதாமல் படிக்க மட்டும்) திறந்து, கிடைப்பதை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். அதன் பிறகு எழுத்துச் சோதனையை ஓட்டி, அதன் ஸ்கிரீன்ஷாட்டைப் பில்லோடு சேர்த்துவைத்தால் பணத்தைத் திரும்பக் கேட்க ஆதாரம் கையில் இருக்கும்.

மனம் அதிகம் நொந்தது பழைய ஹார்டு டிஸ்க் விஷயத்தில். "எக்ஸ்சேஞ்சில் கழித்துவிட்டோம்" என்று கடையிலேயே வைத்துக்கொண்டார்கள். மெதுவாக ஓடினாலும் பழுதில்லாத டிஸ்க் அது. அழிந்த புகைப்படங்களின் ஒரே நல்ல பிரதி அதில்தான் இருந்தது. அதோடு சேமித்த பாஸ்வேர்டுகளும் அடையாள ஆவணங்களின் ஸ்கேன்களும் போயின. எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு கழித்தாலும் பழைய டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள். புது டிரைவ் முழுச் சோதனையில் தேறி, சில மாதம் ஒழுங்காக ஓடும்வரை அதை அழிக்கவும் வேண்டாம்.