ஸ்ட்ரக்சருக்குள் ஒரு அர்ரே: எப்படி நிரப்புவது?

சி மொழியில் மாணவர் என்று ஒரு ஸ்ட்ரக்சர், அதாவது பல உறுப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு. உள்ளே பெயருக்கு 20 பைட் கேரக்டர் அர்ரே (ஒரே வகை மதிப்புகளின் வரிசை), மதிப்பெண்ணுக்கு 5 இன்ட் (முழு எண்) கொண்ட அர்ரே. மா என்று ஒரு மாணவரை அறிவித்துவிட்டு, பிறகு ஒரு வரியில் மா.பெயர் = "குமார்" என்று எழுதினால் கம்பைலர் ஒத்துக்கொள்ளாது. சி மொழியில் முழு அர்ரேவுக்கும் சமக்குறி போட்டு மதிப்பு கொடுக்க முடியாது. ஸ்ட்ரக்சருக்குள் இருந்தாலும் அதே கதைதான்.

அறிவிக்கும் இடத்திலேயே கொடுப்பது சுலபம். சி மொழியின் 1999 தரமான சி99 வந்தபின் .பெயர் = "குமார்" என்று உறுப்பைச் சொல்லியே நிரப்பலாம். சொல்லாமல் விட்டவை பூஜ்யமாகிவிடும். ஆனால் பெயர் கோப்பிலிருந்தோ கீபோர்டிலிருந்தோ வரும்போது இந்த வழி உதவாது.

அப்போது போட்டி மூன்று ஃபங்ஷன்களுக்குள். ஸ்டிரிங்காப்பி (strcpy) அளவு பார்க்காமல் கொட்டும். பெயர் நீண்டால் பக்கத்தில் இருக்கும் மதிப்பெண் அழியும். ஸ்டிரிங்என்காப்பி (strncpy) பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். பெயர் 20 பைட்டோ அதற்கு மேலோ போனால் பெயர் முடிந்தது என்று காட்டும் பூஜ்யத்தை அது கடைசியில் வைக்காது. அச்சிடும்போது அடுத்த உறுப்பின் குப்பையும் சேர்ந்து வரும். கடைசிப் பூஜ்யம் கட்டாயமில்லாத பழைய யூனிக்ஸின் 14 எழுத்துக் கோப்புப் பெயர்களுக்கு அது சரி, நமக்கு வேண்டாம். என் ஓட்டு எஸ்என்பிரின்ட்எஃப்புக்கு (snprintf). அளவாக சைஸ்ஆஃப் மா.பெயர் என்று கொடுத்தால் போதும், எப்போதும் பூஜ்யத்தோடுதான் முடிக்கும்.

தமிழ்ப் பெயர் என்றால் மட்டும் அதிலும் ஒரு சிக்கல். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்; க, ம போன்ற எழுத்தும் கால், புள்ளி போன்ற குறியும் தனித்தனிக் குறியீடுகள். குமார் 18 பைட், கடைசிப் பூஜ்யத்தோடு 19, நுழைந்துவிடும். மீனாட்சி 24 பைட், பூஜ்யத்தோடு 25 வேண்டும். எஸ்என்பிரின்ட்எஃப் 19 பைட்டில் வெட்டும்போது மீனாட் வரை முழுசாக வரும், அப்புறம் ச-வின் முதல் பைட் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். திரையில் ஒரு கேள்விக்குறிக் கட்டம். பெயருக்கு 64 பைட்டாவது ஒதுக்குங்கள்.

மதிப்பெண்ணுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. லூப் போடலாம், பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் மெம்காப்பி (memcpy) போடலாம். ஒரு மாணவரை அப்படியே இன்னொருவருக்கு நகலெடுக்க வேண்டுமா, அ, ஆ இரண்டும் மாணவர்கள் என்றால் அ = ஆ என்று எழுதினால் போதும். தனியாக நின்றால் சமக்குறியை ஏற்காத அர்ரே, ஸ்ட்ரக்சரோடு சேர்ந்து முழுசாக நகலாகிவிடும். மதிப்பெண்ணை அர்ரேவாக வைக்காமல் பாயிண்டராக, அதாவது மதிப்பு இருக்கும் இடத்தின் முகவரியாக வைத்திருந்தால், அந்த முகவரி மட்டும்தான் போகும்; ஆ-வின் மதிப்பெண்ணைத் திருத்தினால் அ-வுக்கும் மாறும்.