இலவச சுகர் முகாம் என்று கிளப் ஹவுஸுக்கு வருகிறவர்களிடம் ஜாக்கிரதை

பெங்களூரில் ராமமூர்த்தி நகர், ஹொரமாவு பக்கம் இருக்கும் அபார்ட்மெண்ட்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் இலவசமாகச் சர்க்கரை பார்க்கிறோம் என்று ஒரு கூட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் மாமியார் தலையில் 18,400 ரூபாய்க்குக் கேப்ஸ்யூல்களைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். புகார் நடப்பில் இருப்பதால் கம்பெனி பெயரைப் போடவில்லை. பேசுகிற விதத்தை வைத்தே ஆட்களை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

கன்னடத்தில் ஆரம்பித்த பையன், அத்தை வாயைத் திறந்ததும் "அம்மா நம்ம ஊரா? நான் கிருஷ்ணகிரிங்க" என்று தமிழுக்குத் தாவிவிட்டான். அதற்கப்புறம் அத்தைக்கு அவன் சொன்னதெல்லாம் வேதம். ஒரு உலோகக் குச்சியைக் கொடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்கச் சொன்னான். குச்சியிலிருந்து ஒயர் லேப்டாப்புக்குப் போகிறது. திரையில் இதயம், கல்லீரல், கணையம் என்று கலர் படங்கள் ஒவ்வொன்றாக மின்னுகின்றன. ஒரு நிமிடத்தில் பிரிண்ட் வந்துவிட்டது: கணையம் பலவீனம், கல்லீரலில் நச்சு. விரலில் ஊசிகூடக் குத்தவில்லை. ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல் கணையத்தின் ஜாதகம் சொல்லும் அந்தப் பெட்டிக்கு மருத்துவ மதிப்பு எதுவும் கிடையாது.

தந்தது மூன்று மாத பேக்கேஜ். மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமினோடு மிளகின் பைப்பரின் சேர்த்த கேப்ஸ்யூல், கிரீன் டீ சாறு கேப்ஸ்யூல், ஒரு டப்பா வெந்தயப் பொடி. "எல்லாம் நம்ம அடுக்களைச் சாமான்தாம்மா. மெட்ஃபார்மினைப் பாதியாக்குங்க, அடுத்த மாசம் நிறுத்திடலாம்" என்றிருக்கிறான். மெட்ஃபார்மின் என்பது அத்தை சாப்பிட்டுவந்த சர்க்கரை மாத்திரை. பணம் போனதைவிட இந்தப் பேச்சுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நோட்டீஸில் '2000 மடங்கு சக்தி, பெங்களூர் விஞ்ஞானிகள் நிரூபித்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். தேடிப் பார்த்தேன். ஆய்வு உண்மைதான். நம் கோரமங்களா செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-இல் வெளியானது. குர்குமினைத் தனியாக 2 கிராம் விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது ஒன்றுமில்லை என்கிற அளவுதான். கூடவே 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தால் அது 2000 சதவீதம் கூடுகிறது. அதாவது கிட்டத்தட்ட இருபது மடங்கு. நோட்டீஸ்காரர்கள் சதவீதத்தை நைசாக மடங்கு ஆக்கிவிட்டார்கள். போகட்டும், அந்த ஆய்வு பார்த்தது ரத்தத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பதை. சர்க்கரை குறைந்ததா என்பது அதன் கேள்வியே அல்ல. இன்னொன்று, பைப்பரின் இதைச் செய்வது குடலும் கல்லீரலும் வேதிப்பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைத் தடுப்பதால்தான். நாம் சாப்பிடும் வேறு பல மாத்திரைகளும் அதே வழியாகத்தான் வெளியேறுகின்றன, அதனால் அவையும் ரத்தத்தில் அளவுக்கு மீறிச் சேரலாம். பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் இதைக் கேட்காமல் விற்பது அயோக்கியத்தனம்.

அடுக்களைச் சாமான் என்பதும் காது குத்துகிற வேலை. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். அத்தைக்குக் கொடுத்தது தினம் 1000 மில்லிகிராம். 30 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள்! எந்த வீட்டு ரசத்தில் அவ்வளவு போடுகிறார்கள்? கிரீன் டீ கேப்ஸ்யூலில் அளவே இல்லை, 'சாறு' என்று மட்டும் இருந்தது. அதிலுள்ள இஜிசிஜி என்ற பொருளைத் துணை உணவாக நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் (கல்லீரல் பாதிப்பின் அறிகுறி) ஏறுவதை 2018-இலேயே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. வெந்தயத்தைக் குறை சொல்ல மாட்டேன், அதன் நார்ச்சத்து சர்க்கரை ஏறும் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆனால் 200 கிராம் டப்பா 900 ரூபாயாம்.

அத்தைக்கு நாக்கு வறட்சி, ராத்திரி முழுக்க பாத்ரூம், சோர்வு. பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. லேபில் பார்த்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 268, கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடி இயல்பைப் போல மூன்று மடங்கு. கேப்ஸ்யூல்தான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, மெட்ஃபார்மினைப் பழையபடி ஆரம்பித்தார். அடுத்த பரிசோதனைகளில் இரண்டும் இறங்கின.

கம்பெனிக்குப் போன் போட்டால் பேச்சே வேறு. "மேடம், இது மருந்தே இல்லை, உணவுப் பொருள். பக்கவிளைவுக்கு நாங்க பொறுப்பாக முடியாது." டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, அதன் மேல் பாதியை மறைத்து விலை ஸ்டிக்கர். டப்பாவிலிருந்த எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 14 இலக்க எண்ணை அந்த ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் வெறும் மொத்த வியாபார உரிமம். பில்லில் மாத்திரை என்ற சொல்லே இல்லை, 'ஆலோசனைக் கட்டணம்' என்றிருக்கிறது. பணம் போனது ஒரு தனி ஆளின் யுபிஐக்கு.

நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருட மாய மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். அதனால் நோட்டீஸைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் சாட்சி. நான் நோட்டீஸ், பிரிண்ட், பில், யுபிஐ ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். மறு வாரமே "பாதிப் பணம் தர்றோம், புகாரை வாபஸ் வாங்குங்க" என்று அதே கிருஷ்ணகிரிப் பையன் பேசினான். வாங்கவில்லை. இப்போது பேனரில் பெயரை மாற்றிவிட்டார்கள், போன் நம்பர் மட்டும் பழையதுதான். உங்கள் அசோசியேஷனில் கிளப் ஹவுஸ் கேட்டு வந்தால் முதலில் அந்தக் குச்சியும் லேப்டாப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். இவர்களிடம் வாங்கியவர்கள் பில்லோடு எனக்கு மெசேஜ் செய்யுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.