வீட்டுத் தையலுக்கான துணைக்கருவிகள்: ஒரு ரவிக்கையை அளவுகோலாகக் கொண்ட மதிப்பீடு

வீட்டில் தைப்பவர்களுக்கென்று இன்று விற்கப்படும் சிறு கருவிகளுக்குக் கணக்கே இல்லை. இணையக் கடைகளில் தேடினால் முன்னால் வந்து நிற்பவற்றுள் பல, ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் மேலைநாட்டு வீடுகளை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. நம் வீடுகளில் தைக்கப்படும் துணிகளுக்கு அவற்றில் எவை பயன்படும் என்பது விளம்பரப் படத்தைப் பார்த்துத் தெரிவதில்லை. ஆகவே லைனிங் வைத்த ஒரு சேலை ரவிக்கையையே இந்த மதிப்பீட்டுக்கு அளவுகோலாகக் கொண்டேன். கைக்குழி சரியாக அமர்வது, கழுத்து விளிம்பில் கயிறு வைத்துத் தைக்கும் பைப்பிங் சீராக ஓடுவது, ஹூக் தைக்கும் முன்பட்டி கோணாமல் நிற்பது ஆகிய மூன்று இடங்களில்தான் வீட்டுத் தையலுக்கும் கடைத் தையலுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. இதற்குப் பயன்படுத்திய இயந்திரம், உஷா, சிங்கர், மெரிட் என்று பல பெயர்களில் நம் வீடுகளில் இருக்கும், காலால் மிதித்து ஓட்டும் கறுப்பு நேர்த்தையல் இயந்திரம்.

முதலிடத்தை நான் ஊசிக்கே தருவேன். கருவி என்று யாரும் எண்ணாத பொருள் இது. உடைந்தால் மட்டுமே மாற்றுவது என்பது பல வீடுகளின் வழக்கம். நூல் அறுவதும், தையல் விட்டுவிட்டு விழுவதும், பட்டில் இழை இழுபடுவதும் இயந்திரத்தின் குறை என்று மெக்கானிக்கை அழைப்பவர்கள், முதலில் ஊசியை மாற்றிப் பார்த்தால் பாதி நேரம் அவர் வர வேண்டிய தேவையே இருக்காது. பொதுவாக எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்று சொல்வார்கள். ஊசி எண்ணில் 90/14 என்று இருந்தால், தண்டின் விட்டம் 0.90 மில்லிமீட்டர் என்று பொருள். 14 என்பது அதே தடிமனுக்குரிய பழைய எண். சாதாரணப் பருத்தி ரவிக்கைக்கும் லைனிங்கிற்கும் 14 போதும், மெல்லிய பட்டுக்கு 11 வேண்டும், ஜீன்ஸ் துணிக்கு 16 அல்லது 18. பனியன் துணியை இந்த ஊசிகளால் தைத்தால் இழை அறுந்து சிறு ஓட்டைகள் விழும். அதற்கு முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி தனியே இருக்கிறது. ஜப்பானின் ஆர்கன், ஜெர்மனியின் ஷ்மெட்ஸ் இரண்டும் நம்பகமானவை. உதிரியாக விற்கப்படும் பெயரற்ற ஊசிகளோடு ஒப்பிட்டால் விலை கூடுதல்தான், ஆனால் தையலின் சீர்மையில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டு இயந்திரத்துக்கு மேற்பகுதியின் ஒரு பக்கம் தட்டையாக உள்ள எச்.ஏ.எக்ஸ் 1 வகையும், கடைகளில் மோட்டாரால் ஓடும் பவர் மெஷினுக்கு மேற்பகுதி முழுவதும் உருண்டையான டி.பி.எக்ஸ் 1 வகையும் உரியவை. கடைக்காரரிடம் 'பதினாலாம் நம்பர் ஊசி' என்று மட்டும் கேட்டால் இரண்டில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம்.

அடுத்தது பிரஷர் ஃபுட், அதாவது ஊசிக்கு அடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம். கழுத்தில் கயிறு வைத்த பைப்பிங் தைக்கும்போது, வழக்கமான இரட்டைக்கால் ஃபுட் கயிற்றின் மேல் ஏறிவிடுவதால் தையல் கயிற்றைவிட்டு விலகிப் போகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது பைப்பிங் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தெரிவதற்கு இதுவே காரணம். ஜிப் வைக்கப் பயன்படும் ஒற்றைக்கால் ஃபுட்டை மாட்டினால் ஊசி கயிற்றை ஒட்டியே இறங்கும். மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் இந்த இரும்புத் துண்டு தரும் பயனை, ஊசியைத் தவிர, இங்கே பேசப்படும் பிற கருவிகளில் எதுவும் தரவில்லை என்பது என் கருத்து. ஆனால் இணையத்தில் பெட்டியாக விற்கப்படும் முப்பதுக்கும் மேற்பட்ட ஃபுட்களின் தொகுப்பைக் கறுப்பு இயந்திரம் வைத்திருப்பவர்கள் வாங்க வேண்டியதில்லை. அவற்றில் பெரும்பகுதி, ஊசி இடமும் வலமும் அசையும் ஜிக்ஜாக் இயந்திரங்களுக்கானவை. நேர்த்தையல் மட்டுமே போடும் இயந்திரத்தில் துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் ஃபுட்டும், பொத்தான் துளை தைக்கும் காஜா ஃபுட்டும் பெட்டிக்குள் உறங்கத்தான் செய்யும். ஒற்றைக்கால் ஃபுட், ஓரம் சுருட்டித் தைக்கும் ஃபுட் ஆகிய இரண்டையும் தனித்தனியே வாங்குவது சிக்கனமானது.

தையல் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் ஓட உதவும் காந்த வழிகாட்டிக்கு இணையத்தில் ஏகப்பட்ட புகழ்ச்சி. எஃகுத் தகட்டில் அது நன்றாகவே ஒட்டுகிறது. ஆனால் தடித்த துணியை வேகமாகத் தள்ளும்போது மெல்ல நகர்ந்துவிடுகிறது. பல கறுப்பு இயந்திரங்களில் ஊசித் தகட்டுக்கு வலப்புறம் இரண்டு திருகுத் துளைகள் இருப்பதைப் பலர் எண்ணெய் விடும் துளை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவை இதே வேலைக்கான வழிகாட்டியைத் திருகிப் பொருத்துவதற்காக அமைக்கப்பட்டவை. திருகி வைத்த வழிகாட்டி அசைவதில்லை என்பதால், பழைய பாணியே இங்கு மேலானது.

குறியிடும் கருவிகளில் எச்சரிக்கை தேவை. சூடு பட்டால் மறையும் பேனா பருத்தித் துணிக்கு அருமையானது. இஸ்திரி போட்டவுடன், உடல் வடிவுக்காக மடித்துத் தைக்கும் டார்ட்டின் கோடுகள் காணாமல் போகின்றன. எனினும் மை உண்மையில் அழிவதில்லை, நிறம் மட்டுமே மறைகிறது. கடுங்குளிரில் அந்தக் கோடு திரும்பவும் தெரியலாம். அடர் நிறத் துணியில் வெளிறிய தடம் தங்குவதும் உண்டு. தண்ணீரில் கரையும் நீலப் பேனாவின் இயல்பு இதற்கு நேர்மாறானது. கழுவுவதற்கு முன் இஸ்திரி போட்டால் கறை நிலைத்துவிடும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைப்பது விபரீதத்துக்கு அழைப்பு. பட்டுக்கும் ஜரிகை நெய்த துணிக்கும் இவை எதுவும் வேண்டாம். உட்புறத்தில் சாக் கட்டியால் மெலிதாகக் கோடிடுவதோ, மாறுபட்ட நிற நூலில் ஓரிரு தையல் போட்டு அடையாளம் வைப்பதோதான் பாதுகாப்பு. மெழுகு கலந்த சாக்கும் சூட்டில் உருகிப் பட்டில் எண்ணெய்க் கறை போல் படியக்கூடும்.

கைக்குழிக்கு உதவுவது வளைவு ஸ்கேல். முன்பக்கக் கைக்குழியைப் பின்பக்கத்தைவிடச் சற்று உள்வாங்கி வெட்ட வேண்டும் என்பது தைக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் கையால் வரையும்போது இடப்பக்க வளைவும் வலப்பக்க வளைவும் ஒத்துப்போவதில்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வளைவு ஸ்கேல் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. அளவு நாடாவைப் பொறுத்தவரை, அறுபது அங்குல நாடாவை வாங்கியவுடன் எஃகு ஸ்கேலோடு வைத்துச் சரிபார்ப்பது நல்லது. மலிவான நாடாக்கள் நாளடைவில் இழுபட்டு நீண்டுவிடும். ஹூக்குகளுக்கு இடையே ஒரே இடைவெளி வைக்க, நகரும் குறிமுள் கொண்ட ஆறு அங்குல உலோக கேஜ் ஒன்று போதும்.

வெட்டும் கருவிகளில், தையற்காரர்கள் பயன்படுத்தும் கனமான எஃகுக் கத்தரிக்கோலை எதுவும் வெல்லவில்லை. 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மீரட் கத்தரிக்கோல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. சாணை பிடித்துப் பிடித்துப் பல்லாண்டுகள் பயன்படுத்தலாம். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் அறிமுகப்படுத்திய உருளை வெட்டி நேர்க்கோட்டில் பல மடிப்புகளை ஒருசேர வெட்டுவதில் அபாரமானது. ரவிக்கைக்கு அது மிகை. பரவலாக விற்கும் 45 மில்லிமீட்டர் சக்கரம் கைக்குழி வளைவில் திரும்புவதில்லை, 28 மில்லிமீட்டர் வேண்டும். கூடவே அதற்கென உள்ள விரிப்பும் அவசியம். அந்த விரிப்பை வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைத்தால் நெளிந்துவிடும், பிறகு நிமிராது. தலையணை உறைகளும் திரைச்சீலைகளும் நிறையத் தைப்பவர்கள் மட்டும் இதைப் பற்றி யோசிக்கலாம்.

தையல் பிரிக்கும் ரிப்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, முனை மழுங்கினால் மாற்ற வேண்டும் என்பதைத் தவிர. அதன் குட்டை முனையில் உள்ள சிவப்பு உருண்டை அலங்காரத்துக்கானது அன்று. தையலுக்குள் செருகி நீளமாக ஓட்டும்போது துணி கிழியாமல் காப்பது அதுவே.

ஸ்டேப்ளர் போன்ற வடிவில் மலிவாக விற்கப்படும் கைத் தையல் இயந்திரத்தைத் தவிர்த்துவிடலாம். அதில் அடிநூலைச் சுற்றி வைக்கும் பாபின் இல்லை. ஒரே நூலால் சங்கிலித் தையல் போடுகிறது. முனையை முடிச்சிடாமல் விட்டு, நூலின் நுனியை இழுத்தால் அரிசி மூட்டையின் வாய்த்தையல் போல முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். திரைச்சீலையின் ஓரத்தை அவசரத்துக்குப் பிடித்து வைக்க உதவலாம், உடலோடு ஒட்டி இழுபடும் ரவிக்கைக்கு உதவாது.

எண்ணெய் விஷயத்தில், இயந்திரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடும் ஒரு தீராத பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது நாளடைவில் பிசுக்காகி இயந்திரத்தை இறுக்கிவிடும். நிறமற்ற மெஷின் ஆயிலின் சிறு குப்பி ஒன்றே நெடுநாள் வரும். பாபின்களைப் பொறுத்தவரை, கடலோர ஊர்களில் எஃகு பாபின்கள் துருப்பிடிப்பதால் மூடியுள்ள டப்பாவில் வைப்பது அவசியம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பாபின்கள் உயரத்தில் இம்மியளவு வேறுபட்டாலும் பாபினைப் பொருத்தும் பாபின் கேஸுக்குள் நூலின் இழுவிசை மாறி, அடித்தையல் தொளதொளவென்று விழும். சென்னைப் பாரிமுனையிலோ மதுரைக் குன்னத்தூர் சத்திரத்திலோ தையல் சாமான் வாங்கப் போகும்போது, கழற்றிய ஊசி, ஒரு பாபின், பழைய ஃபுட் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் மடித்து எடுத்துச் சென்று, கடைக்காரர் தரும் புதியதோடு அங்கேயே ஒட்டிவைத்துப் பார்த்து வாங்குவது நல்லது.