ஊட்டி ஏ.டி.சி பக்கத்து மாடி ஜெராக்ஸ் கடை: ஆய்வேடு கட்டப் போகிறவர்களுக்கு

போன ஜூலையில் என் ஆய்வேட்டை ஐந்து பிரதி கட்டி வாங்கிய கடை இது. ஏ.டி.சி பஸ் ஸ்டாப்பிலிருந்து இறங்கும் சந்தில், மளிகைக் கடைக்கு மேல் மாடி. போர்டில் எழுத்தெல்லாம் மழையில் கரைந்துவிட்டது. பெயரைத் தேடாதீர்கள், "பைண்டிங் அண்ணன் கடை" என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

என் ஆய்வு அரிவாள் செல் ரத்தசோகை பற்றியது. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து கடும் வலி தரும் பரம்பரை நோய் அது. அதற்குத் தரும் ஹைட்ராக்சியூரியா மாத்திரையை எடுப்பவர்களுக்கு, கருவில் இருக்கும்போது நம் ரத்தத்தில் நிறைந்திருக்கும் ஹீமோகுளோபின் எஃப் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தேன். ஹீமோகுளோபின் வகைகளை மின்சாரத்தால் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரசிஸ் படத்தில், நோய்க்குக் காரணமான எஸ் வகையின் பட்டை தடிப்பாக விழும். எஃப் பட்டை அதற்கு முன்னால் மெல்லிய கோடாகத்தான் தெரியும். முதலில் வேறொரு கடையில் பிரிண்ட் எடுத்தேன், அந்தக் கோட்டையே காணோம். என் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அந்தக் கோட்டைப் பற்றித்தான். "ஃபைல்ல இருக்கிறதுதாங்க வரும்" என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டார்கள்.

இந்த அண்ணன் லேப்டாப்பைப் பிரிண்டர் பக்கத்தில் வைக்கச் சொன்னார். "எது தெரியணும் அம்மணி, காட்டுங்க" என்றார். விரல் வைத்துக் காட்டினேன். தாளை 100 ஜி.எஸ்.எம்முக்கு மாற்றி, டோனரைக் கூட்டிக் குறைத்து, நான்கு முறை எடுத்தார். நான்காவதில் கோடு வந்தது. கெட்டுப்போன மூன்றுக்கும் காசு வாங்கவில்லை. அப்புறம் அது என்ன கோடு என்று கேட்டார். சொன்னேன். "அப்ப இது கூடினா வலி குறையுமா?" என்று கேட்டார். வாய்மொழித் தேர்வான வைவாவில்கூட இவ்வளவு நேரான கேள்வி வரவில்லை.

பைண்டிங் பழைய முறை. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுகிறார், பூச்சி வராது. நம் ஊர் ஜூலை ஈரத்தில் பசை லேசில் காயாது என்பதால் புத்தகங்களை மரப்பெட்டிக்குள் அடுக்கி உள்ளே குண்டு பல்பு எரியவிடுகிறார். இரண்டு நாள் வேலை நான்கு நாள் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள். முதுகில் தங்க எழுத்து நேராக, பிசிறில்லாமல் விழுந்திருக்கிறது.

இதற்காக மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

நான் கோத்தகிரிக்குக் கீழே ஓர் இருளர் கிராமம். வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் அரிவாள் செல் இருப்பதை எழுதியது நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைச் சோதித்துத்தான். அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் கையை நீட்டி ரத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். 2047-க்குள் இந்த நோயை ஒழிப்பதாக 2023-ல் தேசியத் திட்டமே வந்துவிட்டது. சோதிக்கிற மேசைக்கு இந்தப் பக்கம் எங்களில் எத்தனை பேர் இருக்கிறோம்? உதவித்தொகை இருக்கிறது, உண்மை. ஆனால் எந்தப் படிவத்தில் யார் கையெழுத்து, எந்த மாதம் எது போக வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. இரண்டாம் வருடம் ஆய்வு தொடர்கிறது என்று காட்டும் என் கன்டினியூவேஷன் சர்டிபிகேட்டில் ஒரு முத்திரை விட்டுப்போய் ஏழு மாதம் பணம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதே எனக்குத் தெரியாது. ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தபோது அண்ணன்தான் பார்த்துவிட்டு, "இதுல துறைத்தலைவர் சீல் எங்கம்மா?" என்றார். அந்த ஏழு மாதமும் பிரிண்ட் எல்லாம் நோட்டில் கடன். ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

கடைச் சுவரைக் கட்டாயம் படியுங்கள். பழங்குடி மாணவர்களுக்கான தேசிய ஃபெல்லோஷிப்பில் ஆண்டுக்கு 750 இடம், ஆதிதிராவிடர், பழங்குடியினர் முழுநேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசு தரும் ஆண்டுக்கு 1 லட்சம் என்று எல்லாம் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார். 2022 யு.ஜி.சி விதிப்படி பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள் வரை பேறுகால, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு என்பதற்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. கைக்குழந்தையோடு ஆய்வை விட்டுவிடலாம் என்றிருந்த என் தோழி அந்தச் சிவப்பு அடிக்கோட்டைப் பார்த்துத்தான் விண்ணப்பம் எழுதினாள். இன்று நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறாள்.

குறைகளும் உண்டு. படி செங்குத்து, மழையில் வழுக்கும். உட்கார ஒரே ஸ்டூல். கரண்ட் போனால் கலர் பிரிண்டர் நின்றுவிடும். ஆங்கில டைப்பிங்கில் மருந்துப் பெயர்கள் தப்பாக வரும், நீங்களே அடித்துக் கொண்டுபோவது நல்லது.

கறுப்பு வெள்ளை பக்கத்துக்கு 1.50, கலர் 10, ரெக்ஸின் அட்டை பைண்டிங் 280 ரூபாய். ஃபைலைப் பி.டி.எஃப் ஆக எடுத்துப் போங்கள். ஞாயிறு லீவு. மற்ற நாள் காலை பத்தரைக்குத் திறப்பார். படிவம் ஏதாவது இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.